யாளியின் இடது கன்னம்

நவம்பர் 9, சனி

பிசியோதெரபி அறைப் பெண் இந்த டைரியைக் கையில் திணித்துவிட்டாள். மருந்துக் கம்பெனி கொடுத்ததாம், அட்டையில் பெரிதாக ஒரு சிறுநீரகம். "அக்கா, சார் முகத்துல என்ன மாற்றம்னு தினம் ஒரு வரி எழுதி வைங்க. எழுதினாத்தான் மாற்றமே கண்ணுக்குத் தெரியும்" என்றாள். பத்தொன்பது வருஷமாக எலும்புப் பிரிவில் மாவுக்கட்டுப் போடுகிறவளுக்கு வீட்டுப்பாடம்! சரி, எழுதுவோம்.

பெயர் திருஞானம், என் வீட்டுக்காரர். வயது 51. தொழில், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. வியாதி, முகவாதம், இடது பக்கம். மூளையில் ஒன்றுமில்லை, காதுக்குப் பின்னால் போகும் நரம்புதான் வீங்கிவிட்டது, மூன்று வாரத்தில் திரும்ப ஆரம்பிக்கலாம், சிலருக்கு மூன்று மாதமும் ஆகும், சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் நின்றுவிடும் என்று டாக்டர் சொன்னார்.

புதன்கிழமை காலையில் ஆரம்பித்தது. எழுந்து வந்தார், ஏதோ பேசினோம், காபியைக் கொடுத்தேன். காபி இடது ஓரமாக வழிந்து பனியனில் கொட்டியது. உடனே ஆட்டோ பிடித்துப் போனோம்.

மாற்றம் இல்லை.

நவம்பர் 14, வியாழன்

மாத்திரை, கண் சொட்டு மருந்து, ராத்திரி இடது கண்ணுக்கு டேப். அந்தக் கண் தானாக மூடுவதில்லை. மூன்று சட்டையில் காபிக் கறை. எலுமிச்சம்பழம் தேய்த்து ஊற வைத்திருக்கிறேன்.

குளியலறைக் கண்ணாடியின் மேல் துண்டைத் தொங்கவிட்டிருக்கிறார்.  பெங்களூரிலிருந்து கயல் வீடியோவில் கூப்பிட்டாள். "அப்பா குளிக்கிறாரு" என்றேன். நேற்றும் அதையேதான் சொன்னேன். "எத்தனை தடவைம்மா குளிப்பாரு?" என்கிறாள்.

மாற்றம் இல்லை.

நவம்பர் 19, செவ்வாய்

லூர்துசாமி சார் வந்தார். என் வீட்டுக்காரர் இருபது வருஷமாக நடிக்கும் நாடகக் குழுவை நடத்துகிறவர், தபாலாபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். பொங்கல் முடிந்த சனிக்கிழமை, ஜனவரி 18, நாடகம். ராஜா வேஷம் இவருக்கு. மண்டபம் கட்டி முடித்த அன்று சிற்பியின் கட்டை விரலை வெட்டச் சொல்கிற ராஜா. அன்று இரவு தூணிலிருக்கும் யாளி இறங்கி வந்து ராஜாவிடம் நியாயம் கேட்கும். அதுதான் கதை.

சார் ஆப்பிளை மேஜையில் வைத்துவிட்டு அரை மணி நேரம் மழையைப் பற்றிப் பேசினார். எழுந்து போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "ராஜாவ வேற ஒருத்தர பார்க்கச் சொல்லியிருக்கேன் ஞானம். தப்பா எடுத்துக்காதே" என்றார். இவர் தலையை ஆட்டினார். முகக்கவசம் போட்டிருந்தார், வீட்டுக்குள்ளேயே.

அவர் போனபிறகு இவர் வசனக் காகிதங்களை அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு, அலமாரியின் மேல் தட்டில் வைத்தார். ரொம்பப் பொறுமையாகச் செய்தார். 

நவம்பர் 27, புதன்

மூன்று வாரம் முடிந்தது. மாற்றம் இல்லை.

சாப்பிடும்போது, "கோதை, என்னைப் பார்த்துப் பேசேன்" என்றார். 'பேசேன்' என்பதில் 'பே' காற்றாகப் போனது. எனக்கு அடுப்பில் ரசம் இருந்தது. எழுந்து போனேன். ரசம் பொங்கத்தான் பார்த்தது.

நவம்பர் 29, வெள்ளி

டூட்டி முடிந்து நேராக லூர்துசாமி சார் வீட்டுக்குப் போனேன். உட்காரக்கூட இல்லை.

"அந்த யாளிய என்ன பண்ணப் போறீங்க சார்?"

"அட்டையில வெட்டி, பின்னாடி லைட்டு போட்டு, குரலை மைக்குல குடுக்கலாம்னு…"

"அட்டையைப் பார்த்து யார் பயப்படுவா? அதை இவருக்குக் குடுங்க. முகமூடி நான் செய்யறேன்."

"நீயா? உனக்கு அதெல்லாம் தெரியுமாம்மா?"

"கை, கால், கழுத்து, இடுப்பு எல்லாத்துக்கும் அச்சு எடுத்தவ சார் நான். முகம் என்ன, அதுவும் எலும்புதானே!"

சார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "ஞானத்தால ப, ம எல்லாம் சொல்ல முடியலையேம்மா." "யாளி என்ன திருக்குறளா ஒப்பிக்கப் போகுது? கர்ஜிக்கட்டும்" என்றேன். கடைசியில், கர்ஜனைகளும் நாலு வாக்கியமும் என்று ஒத்துக்கொண்டார். ஒரு நிபந்தனை போட்டார். முன்வரிசைப் பிள்ளைகள் அலற வேண்டும்.

வீட்டில் சொன்னேன்.  "தாடை?" என்று மட்டும் கேட்டார் இவர். முகமூடியின் தாடை அசையுமா என்று கேட்கிறார். தாடையை அசைக்கும் நரம்பு வேறு, அது நன்றாகவே இருக்கிறது. "உங்க தாடையோட கட்டிவிடறேன். நீங்க திறந்தா அதுவும் திறக்கும்" என்றேன். எழுந்து போய் அலமாரி மேலிருந்து வசனக் காகிதத்தை எடுத்தார். எனக்கு அப்போதே பாதி வேலை முடிந்ததுபோல் இருந்தது.

டிசம்பர் 1, ஞாயிறு

அச்சு எடுத்தேன். பாயில் படுக்க வைத்து, தலைமுடிக்குப் பிளாஸ்டிக் பை கட்டி, மீசைக்கும் புருவத்துக்கும் வாஸ்லினை அப்பினேன். இடது கண்ணுக்கு டேப் ஒட்டி மேலே ஈரப் பஞ்சு. கடையில் வாங்கிய மாவுக்கட்டுச் சுருளைத் துண்டு துண்டாக வெட்டி, நனைத்து, நெற்றியிலிருந்து கீழே. மூக்குத் துவாரத்தை மட்டும் விட்டேன். மாவு இறுகும்போது சூடேறும், பயப்படாதீர்கள் என்று நோயாளிகளுக்குச் சொல்வதையே சொன்னேன். "சிரிக்காதீங்க, அசையாதீங்க" என்றும் வாய் தவறி வந்துவிட்டது. சிரிக்காதீங்க என்று எல்லோரிடமும் சொல்வேன்.

கால் மணி நேரத்தில் கழன்று வந்தது. அந்த அச்சுக்குள் மாவைக் கரைத்து ஊற்றி, சாயங்காலம் பிரித்தேன். வெள்ளையாக அவர் முகம். இடது பக்கம் நனைந்த துணி மாதிரி தொங்கியிருக்கிறது. வாயோரம் கீழே, கன்னம் தட்டையாக. அளந்தேன். ஒன்பது மில்லிமீட்டர் இறக்கம்.

கொஞ்சம் தூக்கிச் சரிசெய்துவிடலாமா என்று நினைத்தேன். கூடாது. முகமூடியின் உள்பக்கம் இப்போது இருக்கிற முகத்தில்தான் உட்கார வேண்டும். வெளிப்பக்கம் யாளி, அது நேராக இருந்தால் போதும். மாற்றம் இல்லை.

டிசம்பர் 5, வியாழன்

விடுப்பு எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் போய் தூண் யாளிகளைப் பார்த்தேன். சாமி கும்பிட வந்தவர்கள் என்னை ஒருமாதிரி பார்த்தார்கள், நான் இஞ்ச் டேப் வைத்துக்கொண்டு சுற்றினேன். கோரைப் பல், முட்டைக் கண், சுருள் சுருளாகப் பிடரி. எவ்வளவு கோபம் பாருங்கள், ஆனால் காது மட்டும் கன்றுக்குட்டிக் காது. அந்தக் காதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அப்படியே வைக்கப்போகிறேன்.

டிசம்பர் 11, புதன்

மாவு முகத்தின் மேல் களிமண் வைத்து மூக்கு, புருவ மேடு, உதடு எல்லாம் ஏற்றினேன். அதன்மேல் காகிதம். மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்தாயிற்று, இல்லாவிட்டால் கரப்பான்பூச்சி ஒரே வாரத்தில் யாளியைத் தின்றுவிடும். ஒரு அடுக்கு செய்தித்தாள், ஒரு அடுக்கு பழுப்புத் தாள் என்று மாற்றி மாற்றி ஒட்டினால்தான் எது விட்டுப்போனது என்று தெரியும். இதுவரை ஐந்து அடுக்கு. மழை விடவில்லை. ஃபேனுக்குக் கீழே வைத்துக் காயவைக்கிறேன். ஃபேன் யாளிக்கு, எங்களுக்குக் கொசு.

இவர் பக்கத்தில் உட்கார்ந்து காகிதம் கிழித்துக் கொடுக்கிறார். "கத்தரிக்கோல் வேண்டாம், கையால கிழிச்சாத்தான் ஓரம் ஒட்டும்" என்று ஒரே ஒரு முறைதான் சொன்னேன். நூறு துண்டு கிழித்து வைத்துவிட்டார். பிசியோவுக்கு இனிப் போகமாட்டேன், அதே பயிற்சியை வீட்டில் செய்கிறேன் என்கிறார். சரி என்றேன்.

மாற்றம் இல்லை.

டிசம்பர் 18, புதன்

இன்று மாவுக்கட்டு அறையில் ஒரு பெண். கை உடைந்த புருஷனைக் கூட்டிவந்து, நான் கட்டுப் போட்டு முடிக்கும்வரை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு வலிக்கும்போதெல்லாம் அவள் முகம் சுருங்கியது. எனக்கு மாவு கையிலேயே இறுகிவிட்டது. அந்தச் சுருளை எறிந்துவிட்டு வேறு எடுத்தேன்.

நவம்பர் ஆறாம் தேதி, அந்தப் புதன்கிழமையைப் பற்றி முதல் பக்கத்தில் எழுதியது முழுசு இல்லை.

இவர் தினமும் காலையில் எழுந்ததும் எனக்கு ஒரு முகம் காட்டுவார். வண்டியை முதல் கியரில் அணைத்துவிட்டு முழிக்கிறவன், பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலேட்டரை மிதித்த மாமி, இப்படி. இருபத்து மூன்று வருஷமாக நடக்கிறது. அன்று சமையலறை வாசலில் வந்து நின்றார். ஒரு பக்கம் தொங்கி, ஒரு கண் விழித்து, ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், குழறியது. நான் சிரித்தேன். விழுந்து விழுந்து சிரித்தேன். "ஐயோ, இது யாருங்க? பிரமாதம்! இன்னொரு தடவை பண்ணுங்க" என்றேன். அவர் மறுபடி பேச முயன்றார். நான் இன்னும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். காபியைக் கொடுத்து, அது வழிந்து பனியனில் கொட்டிய பிறகுதான் நிறுத்தினேன்.

யாரிடமும் சொல்லவில்லை. அவரும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. எழுதியாயிற்று, போதும்.

டிசம்பர் 22, ஞாயிறு

கண்ணுக்குக் கொட்டாங்குச்சி இரண்டு. கோரைப் பல்லுக்குப் பழைய வெள்ளை வாளியை வெட்டினேன். பிடரிக்குத் தேங்காய் நார்க் கயிறு பிரித்து, மஞ்சளும் காவியும் ஏற்றினேன். அவர் பார்ப்பதற்கு மூக்கு மடிப்பில் இரண்டு துளை. இன்று முதல் முறையாக மாட்டிப் பார்த்தோம். அடேயப்பா, கச்சிதம்! இடது கன்னம் அப்படியே அச்சில் போய் உட்கார்ந்துவிட்டது. கர்ஜித்தார். பக்கத்து வீட்டு நாய் கால் மணி நேரம் குரைத்தது.

இனி தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் மாட்டிப் பழக வேண்டும். நான் எங்கே உரசுகிறது, எங்கே இடைவெளி என்று விளிம்புக்குள் விரல் விட்டுப் பார்க்க வேண்டும்.

மாற்றம் இல்லை.

டிசம்பர் 28, சனி

இடது பக்கம் இறுக்குகிறது என்கிறார், அதுவும் கர்ஜிக்கும்போது மட்டும். இந்தப் பாழாய்ப்போன ஈரத்தில் காகிதம் உப்பியிருக்கும். உள்பக்கம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன்.

சட்டைகள் துவைத்தேன். நாலு வெள்ளைச் சட்டை, எதிலும் கறை இல்லை, வேலை சுலபமாக முடிந்தது. மாற்றம் இல்லை.

ஜனவரி 1, புதன்

விடுமுறை. கேசரி செய்தேன். கண் டேப் சுருள் தீர்ந்திருக்கும் என்று புதிதாக வாங்கி வந்தேன், பழையது பாதி அப்படியே இருக்கிறது. மாற்றம் இல்லை.

ஜனவரி 4, சனி

மறுபடி இறுக்கம். இடது கன்னத்தில் சிவந்து ஒரு தடம். தேய்த்துத் தேய்த்து இரண்டு அடுக்கு போய்விட்டது, இன்னும் தேய்த்தால் ஓட்டை விழும். மைதாவில் தப்பா, மயில்துத்தம் கூடிப்போனதா, ஒன்றும் புரியவில்லை. வலது பக்கம் அப்படியே இருக்க இடது மட்டும் ஏன் சுருங்குகிறது? எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒத்திகையில் இவர் நாலு வாக்கியத்தையும் கணீரென்று சொன்னாராம். "'மன்னா, மண்டபம் உன்னது, மலை யாருடையது'ன்னு கேட்டப்ப எனக்கே நடுங்கிருச்சும்மா" என்று லூர்துசாமி சார் போனில் சொன்னார். காகிதத் தாடைக்குள் குரல் நன்றாக எதிரொலிக்கிறது போலிருக்கிறது.

அவர் மேடை ஏறவேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டும். நான் செய்த சனியன் கன்னத்தைக் கிழித்து அது கெட்டுப்போனால் என்னை நானே மன்னிக்கமாட்டேன்.

ஜனவரி 8, புதன்

மாற்றம் இல்லை. பஞ்சு வைத்தேன், இன்னும் இறுகிற்று. பஞ்சை எடுத்தேன்.

ஜனவரி 12, ஞாயிறு

ஆறு நாள்தான் இருக்கிறது. உள்பக்கம் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரே வழி, மறுபடி முகத்தின் அச்சை எடுத்து முகமூடிக்குள் வைத்துப் பார்ப்பது. பழைய மாவு முகத்தை வைத்துப் பார்த்தால், ஆச்சரியம், சிக்காமல் உள்ளே போய்விட்டது. இறுக்கமே இல்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கே உறைத்தது! தேய்த்ததால் இடம் விட்டிருக்கிறது, பழைய அச்சை நம்பக்கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

மத்தியானம் படுக்க வைத்தேன். டேப் எடுத்தேன். "வேண்டாம், ஈரத் துணி போதும்" என்றார். அவசரத்தில் துணியைப் போட்டுவிட்டு மளமளவென்று மாவை ஒட்டினேன். கழற்றியதும் அவர் முகம் கழுவப் போனார், நான் பின்கட்டில் அச்சை ஊற்றினேன். மூன்றரை மணிக்குப் பிரித்தேன்.

இரண்டு முகத்தையும் துவைக்கிற கல்லின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

பழையதில் ஒன்பது மில்லி. புதியதில் இரண்டு.

அளவுகோலைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தேன். இரண்டுதான். கன்னத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். புதியதில் சதை எழும்பியிருக்கிறது. மூக்கோரக் கோடு திரும்ப வந்திருக்கிறது. இடது இமை மூடியிருக்கிறது, முழுசாக. காகிதம் சுருங்கவில்லை. கன்னம் வந்துவிட்டது. நான் இரண்டு வாரமாக உப்புத்தாள் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

உள்ளே ஓடினேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். துண்டைப் பிடுங்கினேன்.

பார்த்தேன். நவம்பர் ஆறாம் தேதிக்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறேன். முகத்தை அளந்திருக்கிறேன், அழுத்தியிருக்கிறேன், மாவு பூசியிருக்கிறேன், பார்த்ததில்லை. தினம் 'மாற்றம் இல்லை' என்று எழுதியதெல்லாம் பார்க்காமல் எழுதியது. புருவத்தில் வெள்ளை மாவு ஒட்டியிருந்தது. மீசையில் புதிதாக நரை.

"சிரிங்க" என்றேன்.

சிரித்தார். இடது பக்கம் கொஞ்சம் தாமதமாக வந்தது, ஆனால் வந்தது.

"எத்தனை நாளா தெரியும்?"

"கிறிஸ்துமஸுக்கு மறுநாள். கேட்டை மூடும்போது தானா கண் சிமிட்டுச்சு."

"பாவி மனுஷா! பதினெட்டு நாள்! நான் மைதாவையும் மழையையும் திட்டிக்கிட்டு, ராவும் பகலும் தேய்ச்சுக்கிட்டு… ஏங்க சொல்லல?"

துண்டை வாங்கி மடித்துக்கொண்டே சொன்னார். "சொன்னா நீ காகிதத்தை மூட்டை கட்டிட்டு உன் வேலையைப் பார்க்கப் போயிடுவே. தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் என் கன்னத்துல கை வச்சு உட்கார்ந்திருக்கே கோதை. இருபத்து மூணு வருஷத்துல எப்ப அப்படி உட்கார்ந்தே? நல்ல முகத்தை யாரு தொட்டுப் பார்க்கறா?"

 பிறகு எப்படியோ அதைச் சொல்லிவிட்டேன். "அன்னிக்கு நான் சிரிச்சேங்க."

"ஆமா, சிரிச்சே."

"நீங்க நடிக்கறீங்கன்னு…"

"தெரியும். எழுந்ததுலேர்ந்து ஒரு பக்கம் முகமே இல்லாத மாதிரி இருந்துச்சு எனக்கு. செத்துருவேன்னு நினைச்சேன். நீ சிரிச்சதும், சரி, இவ சிரிக்கற அளவுக்குத்தான் இருக்கு போலன்னு ஒரு நிமிஷம் தெம்பா இருந்துச்சு. அதுக்கப்புறம் நீ நிறுத்திட்டே. அதுதான் பயமாயிடுச்சு."

அவர் தோளில் முகத்தை வைத்து அழுதேன். கையெல்லாம் மாவு. அவர் முதுகு முழுக்க வெள்ளையாகிவிட்டது.

ஜனவரி 13, திங்கள்

போகிக்குப் பழைய பாய், உடைந்த முறம் எல்லாம் எரித்தோம். பழைய மாவு முகத்தை என்ன செய்வது என்று கேட்டேன். "என் முகத்தை எரிக்கப் போறியா?" என்கிறார். எரிக்க முடியாது, மாவு எரியாது என்றேன். கொல்லையில் செம்பருத்திக்குப் பக்கத்தில் குழி தோண்டிப் புதைத்தார்.

லூர்துசாமி சார் வீட்டுக்கு முகக்கவசம் இல்லாமல் போய்விட்டு வந்தார். சார் கட்டிப்பிடித்து அழுதாராம். ராஜா வேஷத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னாராம். "என்ன சொன்னீங்க?" என்றேன். "ராஜா வேஷம் எவன் வேணா போடுவான். யாளி வேஷம் எனக்கு அளவெடுத்துத் தைச்சதுன்னு சொல்லிட்டேன்" என்றார்.

அளவுதான் தப்பாகிவிட்டதே! ராத்திரிக்குள் இடது கன்னத்தை வெட்டி எடுத்துவிட்டு, புது அச்சின் மேல் புதிதாக ஒட்ட வேண்டும்.

ஜனவரி 16, வியாழன்

ஆறு அடுக்கு. வெயில் அடித்தது, மொட்டைமாடியில் காய்ந்தது. அரை மணி நேரம் மாட்டிக் கர்ஜித்தார். தடம் இல்லை.

கயல் வீடியோவில் கூப்பிட்டாள். இவரே எடுத்தார். அப்பாவும் மகளும் ஒரு மணி நேரம் பேசினார்கள், என்னை யாரும் தேடவில்லை.

ஜனவரி 18, சனி

இன்று ஆறரைக்கு நாடகம். தாடைக் கட்டை நாலாவது தடவையாக இழுத்துப் பார்த்துவிட்டேன்.

ஜனவரி 19, ஞாயிறு

விளக்கு அணைந்து, தூணிலிருந்து இவர் குதித்தபோது முன்வரிசையில் மூன்று பிள்ளைகள் அலறினார்கள். ஒன்று தன் அம்மாவை விட்டுவிட்டு என் மடியில் ஏறிக்கொண்டது. அது யார் பிள்ளை என்று இப்போதுகூடத் தெரியவில்லை. "பயப்படாதே, அந்தக் காதைப் பாரு, கன்னுக்குட்டிக் காது" என்றேன். பார்த்தது. அப்புறமும் மடியை விட்டு இறங்கவில்லை. ராஜா மண்டியிட்டபோது கூடமே கை தட்டியது. நான் இதற்குமேல் எழுதினால் பீற்றிக்கொள்வது போலாகும்.

துளைக்குள்ளிருந்து தோல் தெரியாமலிருக்க அவர் கண்ணைச் சுற்றியும் வாயைச் சுற்றியும் கருப்பு மை அப்பியிருந்தேன். எல்லோரும் வந்து கட்டிப்பிடித்ததில் துடைக்க நேரமில்லாமல் அப்படியே வந்து தூங்கிவிட்டார். காலையில் தலையணை உறை பாழ்.

எழுந்ததும் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார வைத்து, தேங்காய் எண்ணெயும் பழைய வேட்டித் துணியும் எடுத்துக்கொண்டேன். முதலில் நெற்றி. பிறகு இமை, மேலும் கீழும். மூக்கோரம். இடது கன்னம். வாயோரம். "இட்லி ஆறிப்போகுது" என்றார். "ஆறட்டும், பேசாம இருங்க" என்றேன். ஐந்து நிமிஷ வேலை. ஒரு மணி நேரம் ஆக்கினேன்.